அடிக்குரலுக்கு ஒரு பெரிய உடல்

திருகோணமலை மாவட்டத்துக் கிளிவெட்டி அம்மன் கோயில் திருவிழாவுக்கு வரும் சவுண்ட் சேர்விஸ் லொறியிலிருந்து இப்போது முதலில் இறங்குவது பேஸ் பெட்டிகள். பதினெட்டு அங்குல ஸ்பீக்கர் பூட்டிய பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். பாட்டுத் தொடங்கினால் வாங்கிலில் இருப்பவரின் நெஞ்சுக்கூடு அதிரும்.

முன்பு மரத்தின் உச்சியில் கட்டிய புனல் ஸ்பீக்கர்தான். வயல் தாண்டி அடுத்த ஊருக்கும் பாட்டுக் கேட்கும். ஆனால் கேட்டதெல்லாம் மேல்குரல் மட்டுமே. அந்தப் புனலின் அமைப்பு, சில நூறு ஹேர்ட்ஸுக்குக் கீழான ஒலியை அனேகமாக வெளியே விடாது. இளையராஜா பேஸ் கிற்றாருக்கென்றே எழுதிய அருமையான நடைகள் எங்கள் ஊர் வரைக்கும் வந்து, அந்தப் புனலுக்குள்ளேயே தங்கிவிட்டன. ஒரு தலைமுறை அந்தப் பாடல்களை அடிக்குரல் இல்லாமலே மனப்பாடம் செய்தது.

அடிக்குரலே அறியாத ஊர் என்று நினைக்க வேண்டாம். கூத்துக் களரியில் மத்தளம் இருந்தது, கோயிலில் தவில் இருந்தது, சாவீட்டில் பறை இருந்தது. தாழ்ந்த ஒலி எங்களுக்குத் தோலிலிருந்து வந்தது. நரம்பிலிருந்து வந்ததில்லை. மின்சாரம் வந்த பிறகு அது பெட்டியிலிருந்து வரத் தொடங்கியது. இரண்டுக்கும் நடுவே, மரத்தாலான பெரிய உடலிலிருந்து நரம்பின் அடிக்குரல் எழும் ஒரு காலம் இங்கே வரவே இல்லை. உலகத்தின் மற்றப் பக்கங்களில் அதற்காக நெடுநாள் பாடுபட்டிருக்கிறார்கள். அந்தப் பாடுதான் என்னை இதை எழுத வைக்கிறது.

கிற்றார் இல்லாமல் இல்லை. 1960களில் கொழும்புப் பக்கத்தில் லொஸ் கபலேரோஸ், லா சிலோனியன்ஸ் என்று ஸ்பானியப் பெயர் வைத்துக்கொண்டு கிற்றார்க் குழுக்கள் முளைத்தன. திருகோணமலையில் பரமேஸ், கோணேஸ் சகோதரர்கள் தமிழ் மெல்லிசைக்குப் பெயர் வாங்கித் தந்தார்கள். தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏற முடிந்த வாத்தியம் என்பதால் கிற்றார் எந்த ஊருக்கும் போனது. நரம்பின் அடிக்குரலுக்கென்றே உள்ள டபிள் பேஸ் அப்படியல்ல. ஏறக்குறைய ஆறு அடி உயரம். கிளிவெட்டியிலிருந்து திருகோணமலைக்குப் போக, அன்று மூதூரில் லோஞ்ச் ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடக்க வேண்டியிருந்தது. அல்லது கரையோரத் தரைவழியே போய்த் துறைக்குத் துறை பாதை என்னும் மிதவையில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. அந்த வாத்தியத்தோடு யார் வருவார்?

ஏன் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. காற்றில் அந்த அலை ஒன்றின் நீளம் எட்டு மீற்றருக்கு மேல். சாதாரண கிற்றாரின் வயிற்றுக்குள் இருக்கும் காற்று 100 ஹேர்ட்ஸ் அளவில்தான் நன்றாக முழங்கும். அதற்குக் கீழே தந்தி துடிக்கும், ஆனால் காற்று அவ்வளவாக அசையாது. டபிள் பேஸின் பெரிய வயிறு அந்த முழக்கத்தை 60 ஹேர்ட்ஸ் அளவுக்கு இறக்குகிறது. வயிறு பெருத்தால் முழக்கம் தாழும். வாய் சிறுத்தாலும் தாழும். இதைக் கடம் வாசிப்பவர் கையாலேயே அறிவார். கடத்தின் வாயை வயிற்றோடு அழுத்தி மூட மூட ஒலி இறங்குவதும், எடுத்ததும் எழும்புவதும் இதே கணக்குத்தான். மானாமதுரைக் குயவரும் கிற்றார் செய்யும் தச்சரும் ஒரே காற்றோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

மேற்கில் இந்த மல்லுக்கட்டு நூறு ஆண்டைத் தாண்டியது. கிப்சன் நிறுவனம் 1910களிலேயே நிலத்தில் ஊன்றி வாசிக்கும் மாபெரும் மண்டலின் பேஸ் செய்து விற்றது. 1930களில் அமெரிக்காவின் சியாற்றில் நகரத்தில் போல் டட்மார்க் வேறு வழி கண்டார்: உடலைச் சிறிதாக்கி, மின்சாரத்திடம் வேலையை ஒப்படைத்தார். 1951இல் லியோ பெண்டரின் பிரிசிஷன் பேஸ் வந்ததும் அந்த வழியே ராசபாட்டையானது. மரப்பலகை ஒன்று, நாலு தந்தி, ஒரு பெருக்கி. வயிறே தேவையில்லை.

அந்த ராசபாட்டையில் எல்லோரும் போய்க்கொண்டிருந்தபோது, தந்தி வியாபாரத்தில் புகழ்பெற்ற ஏர்னி போல் என்ற கலிபோர்னியாக்காரர் திரும்பி நின்று ஒரு கேள்வி கேட்டார். மின் கிற்றாருக்கு மின் பேஸ் துணை இருக்கிறது, மரக் கிற்றாருக்கு மரத்தாலான துணை எங்கே? விடை மெக்சிக்கோவில் இருந்தது. மரியாச்சிக் குழுக்களில் அடிக்குரல் தருவது கிற்றாரோன் என்ற வாத்தியம். ஆறு தந்தி, கழுத்தில் மெட்டுகள் இல்லை, முதுகு ஆழமாகப் பிதுங்கியிருக்கும். ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியில் இரண்டு தந்தியில் சேர்த்து இழுப்பார்கள், தெருவில் நின்று வாசித்தாலும் எடுபடும். ஏர்னி போல் அதில் ஒன்றை வாங்கி வைத்து ஆராய்ந்தார். லியோ பெண்டரோடு முன்பு வேலை செய்த ஜோர்ஜ் புலர்ட்டன் கைகொடுத்தார். 1972இல் எர்த்வூட் பேஸ் வெளிவந்தது. ஆழம் எட்டு அங்குலத்துக்கும் மேல், சாதாரண கிற்றாரைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. மடியில் வைத்தால் வலக்கை அதைச் சுற்றி வளைத்துத் தந்தியைத் தேட வேண்டும்.

அது பெரிதாக விற்கவில்லை. தயாரிப்பு நின்றது, மீண்டும் தொடங்கியது, 1985இல் முடிந்தே போனது. ஆனால் பிழைத்த வாத்தியங்கள் தங்கள் ஆட்களைத் தேடிக்கொண்டன. மில்வோக்கி நகரத் தெருவோரங்களில் வாசித்து வளர்ந்த வயலண்ட் பெம்ஸ் குழுவின் பிரையன் ரிச்சி கையில் எர்த்வூட் பேஸ் இருந்தது. 1983இல் வந்த அவர்களின் முதல் இசைத்தட்டைக் கேட்டுப் பாருங்கள்: பேஸ் பின்னால் நின்று தாங்காமல், முன்னால் வந்து பேசுகிறது.

இந்தக் கதையில் நம்மவர்களும் இருக்கிறார்கள். கிப்சனில் வேலை செய்தபோது ஏபிரகாம் வெக்டர் என்ற கிற்றார்த் தச்சர், கிற்றார்க் கலைஞர் ஜோன் மக்லோப்ளினின் சக்தி குழுவுக்காக, தொடாமலே சேர்ந்து அதிரும் பரிவுத் தந்திகள் ஒலித்துளையின் குறுக்கே ஓடும் கிற்றாரைச் செய்தார். அந்தக் குழுவில் பேஸ் வாசிக்க ஆளே இல்லை. விக்கு விநாயக்ராமின் கடம் அந்த வேலையைப் பார்த்தது. பின்னர் அதே வெக்டர், சுவீடன் நாட்டு பேஸ் கலைஞர் யோனாஸ் ஹெல்போர்க்குக்குப் பெரிய மர பேஸ் கிற்றார் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். அந்த ஹெல்போர்க்கே பிற்காலத்தில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷின் கஞ்சிராவோடு மேடையேறினார். ஒரு தச்சரின் வேலை, அந்தத் தகப்பனையும் மகனையும் இரண்டு முறை தொட்டிருக்கிறது.

சக்தி குழுவின் வயலின்காரர் எல். சங்கர் சிறுவயதை இலங்கையில் கழித்தவர், தகப்பனார் லட்சுமிநாராயணன் யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958 இனக்கலவரம் அந்தக் குடும்பத்தைக் கடல் கடக்க வைத்தது. சங்கர் 1980 வாக்கில், கென் பார்க்கர் என்ற தச்சரோடு சேர்ந்து பத்துத் தந்தி இரட்டை வயலினை உருவாக்கினார். டபிள் பேஸ் வரைக்கும் இறங்கும் வாத்தியம், ஆனால் மின்சாரத்தில். தோளில் வைத்து வாசிக்க வேண்டியவர் வேறு என்ன செய்வார்?

அந்தத் தெரிவை இந்த ஊரிலிருந்து பார்க்கிறபோது எனக்கு நன்றாகவே விளங்குகிறது. பெரிய வாத்தியம் நிலைத்திருக்கும் ஊரைக் கேட்கிறது. 1980களின் நடுவிலிருந்து இந்தப் பக்கத்துச் சனங்கள் போரால் எத்தனையோ முறை கையில் அகப்பட்டதோடு ஓடியவர்கள். 2006இல் சம்பூரிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் பல, கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் ஆண்டுக்கணக்காகத் தகரத்துக்குக் கீழே கிடந்தன. மத்தளத்தைக்கூடக் காப்பாற்ற முடியாத நாட்களில் ஆறடி மரப்பெட்டியை யார் நினைப்பார்?

அந்தத் துறைகளில் இன்று மிதவைப் பாதைகள் இல்லை. கிண்ணியாவில் 2009இல் 396 மீற்றர் பாலம் திறந்தார்கள், மற்றத் துறைகளுக்கும் அடுத்த சில ஆண்டுகளில் பாலம் வந்தது. எதையும் ஏற்றி வரலாம். ஆனால் கல்யாண வீட்டுக்கு வரும் கோஷ்டியில் பேஸ் கிற்றார்க்காரர் குறைந்துவிட்டார். கீபோர்ட்காரரின் இடக்கை அந்த வேலையைச் செய்கிறது, அல்லது பென்டிரைவ் செய்கிறது. கடையில் கிடைக்கும் மர பேஸ் கிற்றார்களும் மெலிந்துவிட்டன. 1989இல் எம்ரீவி தொடங்கிய அன்பிளக்ட் நிகழ்ச்சிக்குப் பிறகு அவை நிறைய விற்றன, ஆனால் பெரும்பாலானவற்றின் வயிறு சாதாரண கிற்றாரின் அளவு. உள்ளே பிக்அப் வைத்து வயர் இழுக்கிறார்கள். பார்வைக்கு மரம், ஒலிக்கு மின்சாரம்.

வீணைக்கும் தவிலுக்கும் உரிய பலா இந்தத் தீவெங்கும் வளர்கிறது. மரக்கலன் செய்யும் கைகள் கிழக்கில் இன்னும் இருக்கின்றன. எட்டு அங்குலம் ஆழம், அகன்ற இடுப்பு, சிறிய ஒலித்துளை, மெல்லிய முகப்பலகை, 34 அங்குலத் தந்தி. இவ்வளவையும் வைத்து ஒருவர் ஒரு வாத்தியம் கட்டினால், மைக் இல்லாத கோயில் மண்டபத்தில் ஒரு கிற்றாருக்கும் ஒரு குரலுக்கும் துணையாக அது தாராளமாகப் போதும். கூட்டம் ஆயிரம் பேர் என்றால் பேஸ் பெட்டி வரட்டும். நாற்பது பேர் கூடும் இடத்துக்கு அது வேண்டியதில்லை. திருகோணமலையில் சங்கீதம் படிக்கிற பிள்ளைகளில் ஒருவர் தச்சுப்பட்டறைக்குப் போய் இந்த அளவுகளைக் கொடுத்தால், மரச்செலவில் பங்கு போட நான் ஆயத்தம்.