நோயாளியின் பக்கலிலே: வைத்தியர் கிறீனும் தமிழ்வழிப் போதனையும்

தீவகத்திலே பிறந்தார்க்கு வைத்தியசாலை என்றதும் முதற்கண் நினைவில் எழுவது கடலேயாகும். நெடுந்தீவிலே ஒருவரை விடப்பாம்பு தீண்டினும், பிரசவித்த பெண்ணொருத்திக்கு இரத்தப்பெருக்கு நில்லாதுவிடினும், அங்குள்ள அரசினர் வைத்தியசாலை தன்னால் இயன்ற சிகிச்சையைச் செய்யும். அதன் மேற்பட்டதற்குப் படகேறிக் குறிகட்டுவான் துறையை அடைந்து, புங்குடுதீவு, வேலணை, பண்ணைத் தாம்போதி வழியாக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். 1990 என்னும் இலக்கமுடைய அவசர அம்புலன்ஸ் சேவை 2018ஆம் ஆண்டிலே வட மாகாணத்துக்கு வந்தது பெரும் பேறே. ஆயினும் அவ்வண்டி துறைமுகத்தில் நின்று படகை எதிர்பார்க்கவேண்டியதுதான். சோளகம் வலுத்து வீசும் நாட்களில் அக்காத்திருப்பு எத்தகையதென்பதைத் தீவகத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அவசர சிகிச்சை என்பது தனியொரு வைத்தியத் துறையாக வளர்ந்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலாம். பெரு மருத்துவர் வந்துசேரும் வரையில், அண்மையில் நிற்கும் பயிற்சிபெற்ற ஒருவர் முதற் சில நாழிகையிற் செய்வதே பெரும்பாலும் உயிரைக் காக்கும் என்பது அத்துறையின் அடிப்படை. இவ்வுண்மையை அக்காலத்து அறிவு இடந்தந்த அளவிற்கு உணர்ந்து, அதன்வழியே தம் வாழ்நாட் பணியை அமைத்துக்கொண்ட ஒருவர் நம் நாட்டிலே இருந்தார். அவரே சாமுவேல் பிஸ்க் கிறீன்.

கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆந் திகதி அமெரிக்காவில், மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரிற் பிறந்தவர். நம் ஆறுமுக நாவலர் பிறந்ததும் அவ்வாண்டு டிசம்பரிலேயாம். நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய 1848ஆம் ஆண்டிலேதான் கிறீனும் தம் வைத்திய மாணவரைச் சேர்த்துக் கற்பிக்கலானார். ஒருவர் சைவங் காத்தற்கும் மற்றவர் கிறித்தவம் பரப்புதற்கும் உழைத்தவர்; ஆயினும் இருவரும் தமிழ் உரைநடையையும் அச்சுக்கூடத்தையும் நம்பினர். கிறீனின் சமய நோக்கத்தை மறைத்து எழுதுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. அந்நோக்கத்தின் பொருட்டு அவர் தமிழுக்குச் செய்ததை மறத்தலும் நேர்மையன்று.

நியூயோர்க்கிலே வைத்தியங் கற்ற அவர் 1847இல் அமெரிக்க மிசனைச் சார்ந்து யாழ்ப்பாணம் வந்து, முதலில் வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் பணியாற்றினார். பொஸ்ரன் நகரிலே ஈதர் மயக்கத்தின்கீழ்ச் சத்திரசிகிச்சை பலரறியச் செய்துகாட்டப்பட்டது 1846இல். அவர் எவ்வளவு புதிய அறிவோடு இங்கு கரையேறினார் என்பதை இதனால் உய்த்துணரலாம்.

அவர்தம் போதனை ஏட்டளவில் நின்றதன்று. மாணவர் மருந்துச்சாலையிலே அவருடன் நின்று நோயாளியின் உரையைக் கேட்டனர், நாடி பார்த்தனர், மருந்து கூட்டினர், சத்திரசிகிச்சைக்குத் துணைநின்றனர். நோயாளியின் படுக்கையருகே கற்பித்தல் என்றவுடன் மேனாட்டார் வில்லியம் ஒஸ்லரையே புகழ்வர். அவர் அம்முறையை நிலைநாட்டிய ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி 1893இலேதான் திறக்கப்பட்டது. மானிப்பாய் அதற்கு நெடுங்காலம் முந்தியது என்பதை நம்மவர் எண்ணிப்பார்ப்பதில்லை.

தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்த கிறீன், 1864 முதல் தமிழிற் கற்பிக்கத் துணிந்தார். மொழிப்பற்று மாத்திரம் இதற்குக் காரணமன்று. ஆங்கிலங் கற்ற வைத்தியர் அரசினர் உத்தியோகத்தையும் மிகுந்த சம்பளத்தையும் நாடி ஊர்விட்டு நீங்குவதை அவர் கண்டார். தமிழிற் கற்றவன் தன்னூரிலே தங்குவான், தன்னூரார் பேச்சை விளங்கிக்கொள்வான் என்பது அவர்தங் கருத்து. மாணவர் உடையாலும் உணவாலும் தமிழராகவே இருத்தல் வேண்டுமென்றும் அவர் விரும்பினார்.

அக்கருத்தின் வலிமையை வாந்திபேதி ஒன்றைக்கொண்டே காணலாம். 1866, 1867ஆம் ஆண்டுகளிலே அந்நோய் யாழ்ப்பாணத்தில் பேரழிவு செய்தது. அது பற்றியவன் உடலின் நீரையும் உப்பையும் இழந்து சில மணி நேரத்திலேயே மாண்டுபோதல் கூடும். தோணியிலே பாய்விரித்துக் கரைசேர்வதற்குள் உயிர் பிரிந்துவிடும். அத்தகைய நோய்க்குத் தொலைவிலுள்ள பெரு மருத்துவரினும் அயலிலுள்ள சிறு வைத்தியனே துணை. எனினும் அந்நாளைய வைத்தியம் இந்நோய்க்கு வலியற்றது என்பதையுஞ் சொல்லவேண்டும். 1832இலேயே தோமஸ் லற்றா என்பார் ஸ்கொத்லாந்திலே உப்புநீரை நாளத்திற் செலுத்திப் பயன் கண்டார். உலகம் அதனை நெடுநாள் பொருட்படுத்தவில்லை.

நூலின்றிப் போதனை நில்லாதாகலின், கிறீன் மாணவர் துணையுடன் மொழிபெயர்ப்பில் இறங்கினார். 1857இல் வெளிவந்த ‘பிரசவ வைத்தியம்’, 1867இல் வெளிவந்த ‘இரண வைத்தியம்’, 1872இல் வெளிவந்த ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’ என்பன அவற்றுட் சில. கலைச்சொல்லைத் தமிழிலே தேடி, அங்கு இல்லாவிடிற் சமஸ்கிருதத்திற் பெற்று, அதுவும் உதவாவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் எழுதினார். ‘அங்காதிபாதம்’, ‘சுகரணம்’ முதலிய அவருடைய சொற்கள் இன்று வழக்கிறந்தன. விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்களாகிய எமக்கு இது வியப்பன்று. எமது காலத்திலேயே கலைச்சொற்கள் எத்தனை முறை மாறக்கண்டோம்!

1873இல் நோயுற்ற உடலோடு தாய்நாடு திரும்பிய பின்னரும் அவர் தமிழ் நூற்பணியை விடவில்லை. 1884இல் வூஸ்டரிலே காலமாகும்வரை அப்பணி நடந்தது. அவரிடம் கற்று வெளியேறிய வைத்தியர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர். அவருட் பலர் யாழ்ப்பாணத்து ஊர்களிலேயே தொழில் செய்தனர்.

ஆனால் தமிழ்வழி வைத்தியக் கல்வி அவருக்குப்பின் நிலைக்கவில்லை. 1870இல் தொடங்கிய கொழும்பு வைத்தியப் பாடசாலை ஆங்கிலத்திற் கற்பித்தது. சான்றிதழும் உத்தியோகமும் அவ்வழியே வந்தன. நுண்ணுயிர் பற்றிய புத்தறிவு பெருகப் பெருக, புதுப்பிக்கப்படாத தமிழ் நூல்களும் பழைமையெய்தின. பழியை ஆங்கிலத்தின்மீது மட்டும் சுமத்துதல் தகாது. கிறீன் விட்ட இடத்திலிருந்து ஏடுகளைத் திருத்தி வளர்க்க நாமும் முன்வரவில்லை.

1978இல் நிறுவப்பட்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலே இன்று பாடம் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றது. ஆயினும் படுக்கையருகே நிற்கும் மாணவன் முதலிற் கேட்பது தமிழையே. நெடுந்தீவிலிருந்து படகில் வந்த மூதாட்டி, “நெஞ்சுக்குள்ளை என்னவோ செய்யுது, தம்பி” என்கின்றார். அந்த ‘என்னவோ’ நோவா, அடைப்பா, படபடப்பா, மூச்சுமுட்டலா என்பதை அம்மாணவன் அவர் மொழியிலேயே வினவி அறிந்து, தன் ஆசிரியருக்கு ஆங்கிலத்திற் கூறவேண்டும்; அதுவும் விரைவாக.