‘குவாஷ்’ எப்போது கிடைக்கும்?

குடிநீர் வரவில்லை என்று எலவனாசூர்கோட்டை மக்கள் ஒருநாள் காலிக்குடங்களோடு உளுந்தூர்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதிகாரிகள் வந்து பேசுவார்கள், கூட்டம் கலையும், தண்ணீரும் வந்துவிடும். எப்.ஐ.ஆர். மட்டும் அப்படியே கிடக்கும். நாலைந்து வருடம் கழித்து, அதில் பெயர் உள்ள ஒரு பையன் பாஸ்போர்ட்டுக்கோ அரசு வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது அது எழுந்து வரும்.

அதை ரத்து செய்ய, வக்கீல் பாஷையில் ‘குவாஷ்’ செய்ய, அவர் உளுந்தூர்பேட்டை கோர்ட்டுக்குப் போய்ப் பயனில்லை. சிலவகை வழக்குகளில், ஆதாரம் போதாது என்று ஒருவரை விடுவிக்க விசாரணை நீதிமன்றத்தால் முடியும். வழக்கையே தூக்கியெறியும் உள்ளார்ந்த அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்குத்தான் உண்டு. 200 கி.மீ.க்கு மேல் பயணம், சென்னை வக்கீல், கிரிமினல் ஓ.பி. என்று செலவு. ‘482 போடலாம்’ என்பது வக்கீல்களின் பழைய பேச்சு. அது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்; 2024 ஜூலை 1 முதல் அது புதிய சட்டத்தின் 528ஆவது பிரிவு.

எதற்கெல்லாம் ரத்து கிடைக்கும்? பஜன்லால் வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றம் ஏழு சூழல்களைச் சொன்னது. புகாரில் உள்ளதை அப்படியே உண்மையென ஏற்றாலும் குற்றம் எதுவும் தெரியவில்லை, வழக்கு தொடரவே சட்டத்தில் தடை இருக்கிறது, பழிவாங்கப் போட்ட வழக்கு என்பவை அவற்றில் சில.

சாலை மறியல்காரர்களுக்குக் கைகொடுத்தது கரூர் மாவட்டம் வேலாயுதம்பாளையம் போலீஸ் பதிந்த ஒரு வழக்கு. அரசு உத்தரவை மீறியதாகச் சொல்லும், அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆவது பிரிவில் போலீஸ் தானாக எப்.ஐ.ஆர். போட முடியாது, உரிய அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துமூலம் புகார் தர வேண்டும் என்று 2018 செப்டம்பரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். அதோடு சேர்ந்து வந்த ஏராளமான வழக்குகளும் ரத்தாயின. இத்தனை காலம் ஸ்டேஷன்களில் வழக்கமாக நடந்துவந்தது சட்டப்படி செல்லாது என்பதுதான் இதன் பொருள்!

வாடிப்பட்டி வழக்கு இன்னும் வேடிக்கை. குடும்பத்தோடு சிறுமலைக்குப் போன 62 வயது இடதுசாரிக் கட்சிப் பிரமுகர் ஒருவர், துப்பாக்கிப் பயிற்சிக்குப் போவதாக முகநூலில் கிண்டலாக எழுதிப் படம் போட்டார். அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயுதம் சேர்த்ததாகப் போலீஸ் வழக்குப் பதிந்தது. அவரைக் காவலில் வைக்க மாஜிஸ்திரேட்டே மறுத்துவிட்டார். 2021 டிசம்பரில் வழக்கை ரத்து செய்த நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், நகைச்சுவையின் உரிமை பற்றியே தீர்ப்பில் எழுதினார்.

இவையெல்லாம் ஆரம்பத்திலேயே சொத்தையான வழக்குகள். வழக்கில் சாரம் இருந்து, விசாரணை நியாயமாக நடக்குமா என்பதில்தான் சந்தேகம் என்றால் கதை வேறு. அப்போது நீதிமன்றங்கள் வழக்கை நிறுத்துவதில்லை, ஆளையோ இடத்தையோ மாற்றுகின்றன. ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கில், அவர் 2001-இல் ஆட்சிக்குத் திரும்பிய பின் அரசுத் தரப்புச் சாட்சிகள் 76 பேர் மீண்டும் அழைக்கப்பட்டு, 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். தி.மு.க.வின் க. அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார். 2003 நவம்பரில் வழக்கு பெங்களூருக்குப் போயிற்று. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 65 பேருக்கு மேல் பலியானபோதும் அப்படித்தான். நவம்பர் 20 அன்று உயர் நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.யிடம் மாற்றியது, தமிழக அரசின் மேல்முறையீட்டை டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக வழக்கை நிறுத்தும் நாடுகளும் உண்டு. கனடாவில் ஜோர்டான் என்பவரின் வழக்கில் வந்த தீர்ப்பு 2016-இல் கெடு வைத்தது: கீழமை நீதிமன்றத்தில் 18 மாதம், மேல்நிலையில் 30. மனைவியைக் கொன்றதாகச் சிறையில் இருந்த இலங்கைத் தமிழர் ஒருவர்மீதான வழக்கை, ஐந்தாண்டை நெருங்கியும் விசாரணை தொடங்காததால், 2017 ஏப்ரலில் கியூபெக் நீதிமன்றம் நிறுத்திவிட்டது. குற்றம் செய்தாரா இல்லையா என்று எவரும் தீர்ப்பளிக்காமலே அவர் அதே ஆண்டு இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். இறந்த பெண்ணின் பக்கம் நின்று பார்த்தால் இதை நியாயம் என்று சொல்ல வாய் வராது.

இந்தியாவில் அப்படிக் கெடு கிடையாது. விரைவான விசாரணை அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உரிமை, அது மீறப்பட்டால் வழக்கை ரத்து செய்யலாம் என்று அந்துலே வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். பின்னர் சில தீர்ப்புகள் காலவரம்பு வைத்துப் பார்த்தன. 2002-இல் ஏழு நீதிபதிகள் அமர்வு அவற்றை நீக்கியது. இன்று ‘பத்து வருடமாக இழுக்கிறது’ என்று ஒருவர் மனுப்போட்டால், அந்தப் பத்து வருடத்தில் வாய்தா வாங்கியது யார் என்பதையும் நீதிபதி பார்ப்பார்.