ஆடுகள அறிவியல் – 9: கம்பியை விடுங்கள், காலைப் பாருங்கள்

பள்ளி விளையாட்டு விழாவில் உயரம் தாண்டுதல் நடக்கும் இடத்தில் ஒரு குரல் எப்போதும் கேட்கும்: “இடுப்பைத் தூக்குடா!” பையன் காற்றில் இருக்கும்போது ஆசிரியர் போடும் சத்தம் அது. அக்கறையோடு சொல்வதுதான். ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவனால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. 60 சென்டிமீட்டர் எழும்புகிற உடல் உச்சிக்குப் போய்ச் சேர 0.35 நொடிதான் பிடிக்கும். சொல் காதில் விழுந்து தசை அதற்கு வேலை செய்வதற்குள் அவன் கம்பியைக் கடந்திருப்பான், அல்லது தட்டியிருப்பான்.

நேரம் போதாது என்பது மட்டுமல்ல. கால் தரையை விட்ட கணத்திலேயே உடலின் ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரும், எந்த இடத்தில் உச்சியைத் தொடும் என்பதெல்லாம் முடிவாகிவிடுகிறது. அதன் பிறகு கையை வீசினாலும் முதுகை வளைத்தாலும் அந்தப் பாதையை ஒரு விரற்கடைகூட மாற்ற முடியாது. மையத்தைச் சுற்றி எந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்பதைத்தான் மாற்றலாம். இடுப்பு மேலே போக வேண்டுமென்றால் தலையும் காலும் தாழ வேண்டும்.

இந்தக் கொடுக்கல் வாங்கலைத் தன் உடம்பாலேயே கண்டுபிடித்தவர் ஒரு பள்ளி மாணவர். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், மெட்ஃபோர்ட் உயர்நிலைப் பள்ளியில் படித்த டிக் ஃபாஸ்பரி. அன்றைக்குப் பயிற்சியாளர்கள் கற்றுக்கொடுத்தது ஸ்ட்ராடில் முறை. முகமும் வயிறும் கீழே பார்க்க, கம்பியின் மேல் உருண்டு கடப்பது. ஃபாஸ்பரிக்கு அது வரவே இல்லை. சிறு வயதில் பழகிய, உட்கார்ந்த வாக்கில் கடக்கும் சிசர்ஸ் முறையிலேயே தாண்டிக்கொள்ள அவருடைய பயிற்சியாளர் டீன் பென்சன் அனுமதித்தார். 1963இல் கிரான்ட்ஸ் பாஸ் என்ற ஊரில் நடந்த போட்டியில், கம்பி ஏற ஏற, இடுப்பு தட்டாமலிருக்க உடலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்த்தார். 5 அடி 4 அங்குலம் தாண்டிக்கொண்டிருந்த 16 வயதுப் பையன் அன்று 5 அடி 10 அங்குலம் தாண்டினான். ஐந்து ஆண்டுகள் கழித்து மெக்சிகோ ஒலிம்பிக்கில் 2.24 மீட்டர், தங்கப் பதக்கம்.

இடையில் கல்லூரிப் பயிற்சியாளர் பெர்னி வாக்னரும் அவரை ஸ்ட்ராடிலுக்கே இழுத்துப் பார்த்தார். தாண்டுவதைப் படம் பிடித்துப் பார்த்த பிறகுதான், கம்பிக்கும் உடலுக்கும் நடுவே இருந்த தாராளமான இடைவெளி அவருக்குத் தெரிந்தது. தான் கற்றுக்கொடுக்காத ஒன்றைப் பையன் செய்யும்போது உடனே திருத்தாமல் முதலில் உற்றுப் பார்ப்பது, ஒரு பயிற்சியாளரிடம் நான் மிகவும் மதிக்கிற குணம்.

சிசர்ஸில் உட்கார்ந்த வாக்கில் கடப்பதால் ஈர்ப்பு மையம் கம்பிக்கு மேலே ஒரு சாண் அளவுக்காவது உயர்ந்தாக வேண்டும். ஃபாஸ்பரி முறையில் முதுகு வில்லாக வளைவதால், மையம் கம்பிக்குச் சற்றுக் கீழே போனால்கூட உடல் மேலே கடந்துவிடலாம். இந்த அதிசயத்தைக் கேட்டவுடன் நம் பள்ளிகளில் எல்லாரும் முதுகை வளைப்பதிலேயே இறங்கிவிடுகிறார்கள். தாண்டும் உயரத்தை ஆராய்ச்சியாளர் ஜேம்ஸ் ஹே மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: கால் தரையை விடும்போது மையம் இருக்கும் உயரம், அங்கிருந்து அது எழும்பும் உயரம், கம்பியைக் கடக்கும் நேர்த்தியில் கிடைப்பது அல்லது இழப்பது. முதல் இரண்டும் தரையிலேயே தீர்மானமாகின்றன. முழுசாக நிமிர்ந்து, கைகளும் மறுகாலின் முழங்காலும் உயர்ந்த நிலையில் கிளம்புகிறவனுக்கு முதல் கணக்கிலேயே லாபம்.

ஃபாஸ்பரி முறையில் கம்பியை நோக்கி வளைந்து ஓடிவருவது எதற்கு? வளைவில் திரும்பும் மோட்டார் சைக்கிள்காரர் உள்பக்கம் சாய்வது போல, தாண்டுபவரும் கம்பிக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து ஓடுகிறார். இதனால் முழங்காலை அதிகம் மடக்காமலே, வேகம் குறையாமலே உடல் தாழ்கிறது. கடைசிக் காலை ஊன்றியதும் அந்தச் சாய்விலிருந்து உடல் நிமிரும்போதே கம்பியின் மேல் சுழல்வதற்கான சுழற்சியும் கிடைத்துவிடுகிறது. மாணவர்கள் செய்யும் பெரிய தவறு, கடைசி இரண்டு அடியில் வளைவை விட்டு நேராக ஓடுவது. சாய்வு போய்விடும். சுழற்சி வேண்டுமே என்று தோளைக் கம்பிப் பக்கம் சரிப்பார்கள். உந்துவிசை மேலே போகாமல் கம்பியை நோக்கிப் போகும். பிறகு இடுப்பு தட்டாமல் என்ன செய்யும்?

அதனால் ஆசிரியர் கம்பிக்கு அருகே நிற்பதைவிட, கடைசி நான்கைந்து அடிகள் முழுசாகத் தெரியும் இடத்தில் நிற்பது நல்லது. வளைவைச் சுண்ணாம்புப் பொடியால் தரையில் வரைந்துவிடலாம். கம்பிக்குத் தொலைவான கால்தானே ஊன்றுகிறது, அந்த நேரத்தில் தோள் இன்னும் கம்பிக்கு எதிர்ப்பக்கம்தானே சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். பாதம் ஓடிவந்த திசையிலேயே, மெத்தையின் எதிர்மூலையைப் பார்த்து ஊன்ற வேண்டும். கம்பிக்கு இணையாகத் திரும்பி ஊன்றினால் கணுக்காலின் உட்புறம் திருகிக்கொள்ளும். இப்படிக் காயப்படும் பிள்ளைகள் உண்டு. கால் தரையில் இருப்பது 0.2 நொடிக்கும் குறைவு என்பதால் வெறும் கண்ணுக்கு இதெல்லாம் பிடிபடாது. செல்போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பையனிடமே காட்டுங்கள். அவனே சொல்வான்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மணல் குழியில் ஃபாஸ்பரி முறையைப் பழக்கவே கூடாது. தோளும் முதுகும் முதலில் விழுகிற முறை இது, கழுத்துக்கு ஆபத்து. தடித்த நுரை மெத்தைகள் வந்த பிறகுதான் உலகம் இதற்கு மாறியது. மெத்தை இல்லாத பள்ளி என்ன செய்வது? இதே வளைந்த ஓட்டத்தை ஓடி, இதே காலை ஊன்றி, சிசர்ஸில் தாண்டி, மணலில் காலால் இறங்கச் சொல்லுங்கள். தேர்ந்த வீரர்களும் சிசர்ஸ் தாண்டுதலைப் பயிற்சியாகச் செய்கிறார்கள். மெத்தை உள்ள பள்ளிக்கு அந்தப் பிள்ளைகள் போகும்போது முதுகை வளைப்பது ஒன்றுதான் பாக்கி இருக்கும். அங்கேயும் தனித்தனி மெத்தைகளை அருகருகே போட்டு விட்டுவிடாதீர்கள். இடையில் பிரியாதபடி இறுகக் கட்டி, மேலே ஒரே உறையாகப் போர்த்திய பிறகுதான் முதல் மாணவனை ஓடவிட வேண்டும்.

(தொடரும்)