கன்சல்டன்ட் வேணுமா, கால்குலேட்டர் போதுமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பையனின் மார்க் அப்பாவுக்குத் தெரிகிறதோ இல்லையோ, கன்சல்டன்ட்டுக்குத் தெரிந்துவிடுகிறது. ஸ்வீட் பாக்ஸைப் பிரிப்பதற்குள் போன். "சார், நல்ல காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்கு. நாளைக்கே புக் பண்ணிடலாமா?" கேட்பது காலேஜ் சீட்டா, கல்யாண மண்டபமா என்று புரியாமல் குடும்பமே விழிக்கும்.

இந்த வருஷம் விழித்தது எங்கள் அக்கா குடும்பம். "நீ பி.காம். படிச்சவன், கணக்கு வழக்கு தெரிஞ்சவன். அந்த ஆளுக்கு இருபத்தையாயிரம் கொடுக்கலாமா, வேணாமா... நீயே சொல்லு" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாள். மாமா பி.எஃப். லோன் அப்ளிகேஷனைப் பூர்த்தி செய்தே வைத்துவிட்டார். சும்மா சிரித்து மழுப்ப முடியாது.

முதலில் கட்-ஆஃப். கணக்குக்கு 100, பிசிக்ஸுக்கு 50, கெமிஸ்ட்ரிக்கு 50, மொத்தம் 200. பையன் மார்க் 88, 82, 85. பின்னதிரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால் 171.5. இதற்குக் கன்சல்டன்ட் வேண்டாம், கால்குலேட்டர் போதும்.

இருபத்தையாயிரம் கேட்டவரிடம், "அப்படி என்ன சார் செய்வீங்க?" என்றேன். "சாய்ஸ் ஃபில்லிங் பண்ணித் தருவோம். உள்ளே நம்ம ஆள் இருக்கார்" என்று கண்ணடித்தார்.

உள்ளே யார் இருந்து என்ன பிரயோஜனம்? அண்ணா பல்கலைக்கழகம் 1997-லிருந்து நடத்தி வந்த ஒற்றைச் சாளர கவுன்சலிங் 2018-ல் ஆன்லைனுக்கு மாறியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. ரேங்க், இட ஒதுக்கீட்டுப் பிரிவு, பையன் கொடுக்கும் விருப்ப வரிசை... இவற்றைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் சீட் ஒதுக்குகிறது. கம்ப்யூட்டருக்கு டிபன், காபி வாங்கிக் கொடுத்துக் காரியம் சாதிக்க முடியுமா, சொல்லுங்கள்?

இரண்டாமவர் இன்னும் தாராளம். "ஃபீஸே வேணாம் சார், சேவை!" அக்காவுக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் பி.காம். புத்தி உறுத்தியது. பேரேட்டில் வரவே இல்லாமல் ஏ.சி. ரூம் வாடகை எப்படி? "அப்போ உங்களுக்கு யார் சார் படி அளக்கறது?" என்றேன். "அதெல்லாம் காலேஜ்ல பார்த்துப்பாங்க" என்றார்.

விஷயமே அதுதான். யார் படி அளக்கிறாரோ அவருக்குத்தான் அவர் ஆலோசகர். அவர் நீட்டிய லிஸ்டில் நாலே நாலு காலேஜ். எல்லாமே மேனேஜ்மென்ட் சீட். தனியார் காலேஜ்கள் 65 சதவிகித இடத்தைக் கவுன்சலிங்குக்குத் தரவேண்டும், சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50. மிச்சத்துக்கு ஆள் பிடிக்கத்தான் இந்தச் 'சேவை'. கேபிடேஷன் ஃபீஸ் வாங்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்தாயிற்று. ரசீது இல்லாமல் பணம் கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். இரண்டு பேருமே பையனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கேட்டேன். "மெக்கானிக்கல் மாமா" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டே. அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது!

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்தோம். முந்தைய வருஷங்களில் எந்தக் காலேஜில் எந்தப் பிரிவு எந்த மார்க்கில் முடிந்தது என்ற விவரம் கவுன்சலிங் வெப்சைட்டிலேயே இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் காலேஜ்வாரியாகத் தேர்ச்சி சதவிகிதமும் வெளியிடுகிறது. இரண்டு காலேஜுக்கு நேரில் போய், வாசல் டீக்கடையில் மூன்றாம் வருஷப் பையன்களிடம் பேச்சுக் கொடுத்தோம். பள்ளம், மேடு எல்லாம் சொல்லிவிட்டார்கள். செலவு பஸ் சார்ஜும் ஆறு டீயும்.

கம்ப்யூட்டர் பழக்கமில்லாத வீடா? அரசு உதவி மையங்கள் இருக்கின்றன. அப்படியும் ஆள் வேண்டுமென்றால் தாராளமாக வையுங்கள். ஆனால் ஃபீஸ் உங்களிடம் மட்டும் வாங்குபவராக இருக்கட்டும், ரசீதோடு. பாஸ்வேர்டு, ஓ.டி.பி., ஒரிஜினல் சர்டிபிகேட் மூன்றும் உங்கள் பீரோவை விட்டு நகரக் கூடாது. காலேஜே ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2016-ல் சொல்லிவிட்டது. புரோக்கருக்கு எதற்கு?

பையனுக்கு மெக்கானிக்கலே கிடைத்தது. லோன் அப்ளிகேஷனை மாமா கிழிக்கவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறார். ஹாஸ்டல் ஃபீஸ் என்று ஒன்று இருக்கிறதே!