மருத்துவமனை மேலாளர்களின் தகுதியும் பொது மருத்துவச் சேவையும்

மருத்துவமனை மேலாளர்களின் தகுதி என்பது, மருத்துவமனையை நடத்தும் பொறுப்பில் உள்ளவர்கள் பெற்றுள்ள கல்வி, பயிற்சி, பணி அனுபவம் ஆகியவற்றைக் குறிக்கும். பணியாளர் நியமனம், மருந்து கொள்முதல், வரவு செலவு, புகார் விசாரணை போன்றவை இவர்களின் பணிகள். எத்தனை செவிலியர்கள் ஒரு பிரிவில் இருக்க வேண்டும் என்ற முடிவுகூட நோயாளியின் உயிரோடு தொடர்புடையது. எனவே இப்பதவிக்கு மருத்துவர் ஏற்றவரா, மேலாண்மை பயின்றவர் ஏற்றவரா என்ற கேள்வி பல நாடுகளில் எழுந்துள்ளது.

இங்கிலாந்தின் அனுபவம்

பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை 1948 இல் தொடங்கப்பட்டது. 1974 க்குப் பின் மருத்துவர், செவிலியர், நிருவாகி முதலியோர் அடங்கிய குழுக்கள் ஒருமித்து முடிவெடுத்தன. இதனால் யார் பொறுப்பு என்பது தெளிவாக இல்லை. 1983 இல் சேன்ஸ்பரி பேரங்காடி நிறுவனத்தைச் சேர்ந்த ராய் கிரிஃபித்ஸ் தலைமையிலான குழு, ஒவ்வொரு நிலையிலும் பொது மேலாளர் ஒருவரை அமர்த்தப் பரிந்துரைத்தது. மருத்துவர்களும் நிருவாகத்தில் ஈடுபட வேண்டும் என்றும் அது கூறியது.

பொறுப்பாளர் ஒருவர் இருப்பது மட்டும் போதாது என்பதை ஸ்டாஃபோர்டு மருத்துவமனை காட்டியது. 2005 முதல் 2009 வரை அங்கு நோயாளிகள் கடுமையாகப் புறக்கணிக்கப்பட்டனர். ராபர்ட் பிரான்சிஸ் தலைமையிலான பொது விசாரணையின் அறிக்கை 2013 இல் வெளிவந்தது. நிருவாகம் நிதி நிலைக்கும் இலக்குகளுக்கும் முன்னுரிமை தந்து, நோயாளிகளின் குறைகளுக்குச் செவிசாய்க்கவில்லை என அது கண்டறிந்து, 290 பரிந்துரைகளை வழங்கியது.

ஆய்வு முடிவுகள்

அமெரிக்காவின் முன்னணி மருத்துவமனைகளை ஆராய்ந்த அமண்டா குடால், மருத்துவர்கள் தலைமை வகித்தவை தரவரிசையில் கூடுதல் புள்ளிகள் பெற்றிருந்ததை 2011 இல் வெளியிட்டார். ஆயினும் இது தொடர்பை மட்டுமே காட்டுகிறது, காரணத்தை நிறுவவில்லை. சிறந்த மருத்துவமனைகளே மருத்துவர்களைத் தலைவர்களாகத் தேர்ந்தெடுத்திருக்கவும் கூடும்.

நிக்கோலஸ் புளூம் உள்ளிட்டோர் ஒன்பது நாடுகளில் ஏறத்தாழ 2,000 மருத்துவமனைகளை ஆய்ந்து 2020 இல் கட்டுரை வெளியிட்டனர். மருத்துவக் கல்வி, மேலாண்மைக் கல்வி ஆகிய இரண்டையும் வழங்கும் பல்கலைக்கழகங்களுக்கு அருகிலுள்ள மருத்துவமனைகளில் மேலாண்மைத் தரம் உயர்ந்தும் இறப்பு விகிதம் குறைந்தும் காணப்பட்டன.

மாறாக, இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளைப் பற்றிய 2019 ஆம் ஆண்டு ஆய்வொன்று, தலைமை நிருவாகியை மாற்றுவதால் மருத்துவமனையின் செயல்திறனில் பெரிய மாற்றம் ஏற்படுவதற்குச் சான்று குறைவு என்றது.

பொறுப்புடைமை

பிரித்தானியாவில் மருத்துவர் தவறிழைத்தால் அவரது பதிவை நீக்க முடியும். மேலாளர்களுக்கு அத்தகைய பதிவு முறை இருக்கவில்லை. ஓரிடத்தில் தவறியவர் வேறிடத்தில் பதவி பெறுவதைத் தடுக்க, தகுதியற்ற இயக்குநர்களை விலக்கும் அதிகாரம் கொண்ட அமைப்பு வேண்டும் என டாம் கார்க் அறிக்கை 2019 இல் பரிந்துரைத்தது.

ஆகவே பட்டம் ஒன்றே நல்ல மருத்துவமனையை உருவாக்கிவிடாது. மருத்துவ அறிவும் மேலாண்மைப் பயிற்சியும் இணைவது பயன் தரக்கூடும். ஆனால் குறைகளைக் கேட்கும் மனப்பாங்கும் தவறுக்குப் பதில் சொல்லும் கடமையும் இல்லாதபோது, அதன் விலையை நோயாளிகளே கொடுக்க நேர்கிறது.