உங்களுக்குத் தெரியுமா? இதயத் தழும்பைக் காட்டும் எம்.ஆர்.ஐ.

இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் நோய்க்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். அந்த அறைச் சுவரில் நார்த்தழும்பு படிந்துவிட்டால், மின்துடிப்பு நேராக ஓட முடியாமல் தடுமாறிச் சுழலும்.

நெஞ்சைத் திறக்காமலே அந்தத் தழும்பைப் பார்க்கலாம். காடோலினியம் அடங்கிய மருந்தை ஊசி வழியே ரத்தத்தில் செலுத்தினால், நலமான தசையிலிருந்து அது சீக்கிரம் வடிந்துவிடும்; தழும்பில் மட்டும் தங்கும். சற்று நேரம் கழித்து எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். சுவரின் தடிமன் சில மில்லிமீட்டர்தான். துடித்துக்கொண்டே இருக்கும் அதைப் படம்பிடிப்பது எளிய காரியமல்ல!

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக மருத்துவர்கள் தழும்பை நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள். சுவரில் 10 சதவீதத்துக்கும் குறைவென்றால் முதல் நிலை. 30 சதவீதமும் அதற்கு மேலும் நான்காம் நிலை. நாசிர் மரூஷ் தலைமையில் நடந்து 2014-ல் வெளியான 'டிகாஃப்' ஆய்வின் முடிவு வியக்க வைப்பது. கதீட்டர் நுழைத்துத் திசுவைச் சுடும் அப்லேஷன் சிகிச்சைக்குப் பின், ஓராண்டுக்குள் முதல் நிலையினரில் சுமார் 15 சதவீதம் பேருக்கே கோளாறு திரும்பியது. நான்காம் நிலையிலோ பாதிப் பேருக்கு!

அப்படியானால் தழும்பையும் சேர்த்தே சுட்டுவிடலாமே?

கோளாறு விடாமல் நீடித்த 843 பேரிடம் அதையும் சோதித்தார்கள். முடிவு 2022-ல் வெளியானது. நுரையீரல் சிரைகளின் வாயை மட்டும் சுடும் வழக்கமான முறையைவிடக் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை. தழும்பையும் சுட்ட பிரிவில் ஆறு பேருக்குப் பக்கவாதம் வந்தது. மற்றப் பிரிவில் ஒருவருக்கும் வரவில்லை.