மேல்காற்றுக்கு மேலே

மழைக்காலம் வந்துவிட்டால் தமிழ்நாட்டில் எல்லா வீடுகளிலும் காதில் விழுகிற வாசகம் ஒன்று உண்டு: குமரிக்கடல் பகுதியில் வளிமண்டலக் கீழடுக்கு சுழற்சி நிலவுகிறது. விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணறு வட்டாரத்தில் மானாவாரிக் கரிசலில் விதைத்துவிட்டு அண்ணாந்து பார்த்திருப்பவருக்கும், சிவகாசிப் பக்கம் பட்டாசைக் காயப்போட்டிருப்பவருக்கும் அன்றைய பிழைப்பே அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. கீழடுக்கு என்றால் எவ்வளவு கீழே? மேலடுக்கு என்றால் எவ்வளவு மேலே? இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கைகள் இதைச் சொல்கின்றன. கடல்மட்டத்திலிருந்து 1.5 கிலோமீட்டர் வரை, 3.1 கிலோமீட்டர் வரை, 5.8 கிலோமீட்டர் வரை என்று சுழற்சியை உயரத்தோடு விவரிக்கின்றன. செய்தியாகி நம்மிடம் வந்து சேர்வதற்குள் அந்த எண் உதிர்ந்துபோகிறது. பள்ளிப் பாடத்தாலும் குழப்பம் தீர்வதில்லை. பாடநூல் கீழடுக்கு என்பது தரையிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் வரை நீளும் முழு அடுக்கு; செய்தியில் வரும் கீழடுக்கும் மேலடுக்கும் அந்த ஒரே அடுக்குக்குள் இருக்கும் இரண்டு உயரங்கள். ஐந்து அடுக்குகளின் பெயரைப் பிழையில்லாமல் எழுதி மதிப்பெண் வாங்கும் மாணவிக்கு, தன் ஊருக்கு மேலே நேற்று என்ன நடந்தது என்பதைப் பார்க்க வழியில்லை. வானிலையை முப்பரிமாணத்தில் திறந்து காட்டும் மென்பொருள்கள் வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவை ஆராய்ச்சிக்கூடத்தையும் கல்லூரியையும் தாண்டி இந்தக் கரிசல் காட்டுப் பள்ளிகளுக்கு வந்தாக வேண்டும் என்பதே என் வாதம்.

ஆடி மாதத்தை எடுத்துக்கொள்வோம். விருதுநகர், காரியாபட்டி, அருப்புக்கோட்டைப் பக்கமெல்லாம் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு மேல்காற்று அடிக்கும். குற்றாலத்தில் சாரல் போடும் அதே பருவக்காற்றுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறி உலர்ந்துவிடுகிறது. தமிழில் மேல் என்ற சொல்லுக்கு மேற்கு என்றும் உயரம் என்றும் இரண்டு பொருள் உண்டு. மேற்கிலிருந்து வரும் இந்த மேல்காற்றுக்கு மேலே, சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் என்ன காற்று அடிக்கிறது? நேர் எதிராக, கிழக்கிலிருந்து, பல நாட்களில் மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டிய வேகத்தில் ஒரு காற்றாறு ஓடுகிறது. இதை விளக்கி 1958இல் ஆய்வுக்கட்டுரை எழுதியவர் நம் வானிலைத் துறையின் பி. கோடேஸ்வரம், பின்னாளில் அத்துறைக்கே தலைவரானவர். அடியில் ஒரு திசை, உச்சியில் எதிர்த்திசை என்று காற்று இழுபடும் காலத்தில் புயல் நிமிர்ந்து நின்று வளர்வது கடினம். ஆடியில் வங்கக்கடலில் கடும்புயல் அரிதாகவும், ஐப்பசி கார்த்திகையில் அடிக்கடியும் வருவதற்கு இது ஒரு பெரிய காரணம். தட்டையான வரைபடத்தில் இந்தக் காரணத்தைக் காட்ட முடியாது. சொல்லித் தரலாம், மனப்பாடம் செய்ய வைக்கலாம். பார்க்க வைக்க உயரம் வேண்டும்.

அந்த உயரத்தைத் தர முயன்றவர்களில் முன்னோடிகள் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார். 1980களின் இறுதியில் அங்கே பில் ஹிப்பார்டும் அவருடைய குழுவினரும் விஸ்5டி என்ற மென்பொருளை உருவாக்கினர். நீளம், அகலம், உயரம், நேரம், அளக்கப்படும் பொருள் ஆகிய ஐந்தையும் ஒரே திரையில் சுழற்றிப் பார்க்க முடிந்தது. அதன் வழிவந்த தொழில்நுட்பத்தின் மேல் கொலராடோவின் யூனிடேட்டா நிறுவனம் ஐடிவி என்ற இலவச மென்பொருளை எழுப்பியது. மாணவர்களுக்கென்றே ஒரு படி மேலே போனது பென்சில்வேனியாவின் மில்லர்ஸ்வில் பல்கலைக்கழகத்தில் உருவான ஜியோபாட். அதில் மாணவர் ஒரு கற்பனை விமானத்தில் ஏறி உண்மையான வானிலைத் தரவுக்குள் பறக்கிறார். போகிற இடத்தின் வெப்பம், அழுத்தம், ஈரப்பதம் எல்லாம் எதிரே எண்ணாகத் தெரியும். வேண்டிய இடத்தில் அளவுக்கருவி ஒன்றைக் கீழே போடலாம். அது தரை வரை விழுந்துகொண்டே வழியில் கண்டதைக் கோடாக வரைந்து தரும். மேகத்துக்குள் நுழைந்து அங்கே இருப்பது நீர்த்துளியா பனித்துகளா என்று பார்க்கலாம். ஆசிரியர் ஒரு பணியைக் கொடுப்பார், மாணவர் பறந்து தேடி விடையோடு திரும்புவார். வீடியோ விளையாட்டின் பழக்கத்தைப் பாடத்தின் பக்கம் திருப்பிய அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. படம் பார்ப்பதற்கும் தேடிப் போவதற்கும் உள்ள வேறுபாடு அதில் இருக்கிறது.

இந்த வட்டாரத்துக்கு இது ஏன் கூடுதலாகத் தேவை என்றால், பட்டாசுத் தொழில் முழுக்க வானத்தோடு போட்டிருக்கும் ஒப்பந்தம்தான். வறண்ட காற்றும் காயும் வெயிலும் இருந்ததால் இந்த மண்ணில் வேர் பிடித்த தொழில் இது. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் ஏறினால் தானே சூடாகித் தீப்பிடிக்கலாம். காற்று மிகவும் உலர்ந்தால் நிலைமின்னூட்டமும் உராய்வும் பயமுறுத்தும். இடிமின்னல் வந்தால் வேலையை நிறுத்தி வெளியேற வேண்டும். உராய்வு என்ற சொல்லுக்கு இங்கே உள்ள கனம் வேறெந்த ஊரிலும் இருக்காது. மின்னல் பிறப்பதும் ஓர் உராய்வில்தான். தரையில் 40 டிகிரி கொளுத்தும் கத்தரி வெயில் நாளிலும், மல்லாங்கிணற்றுக்கு மேலே சுமார் 5 கிலோமீட்டரில் வெப்பம் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். அதற்கும் மேலே, 6 முதல் 8 கிலோமீட்டர் வாக்கில், இடிமேகத்துக்குள் பனித்துகள்களும் சிறு ஆலங்கட்டிகளும் மோதி உராய்ந்து மின்னூட்டத்தைப் பிரிக்கின்றன. பட்டாசுக்கு மணிமருந்து கலக்கும் அறைக்குள் எதற்கு அஞ்சுகிறோமோ அதுவே வானத்தில் பனிக்கட்டிகளுக்கு இடையே நடக்கிறது. பெற்றோர் பட்டாசு வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை இந்தப் பாடத்தை வெறும் படிப்பாக எடுத்துக்கொள்ளாது. ஆலையில் மேகம் கறுக்கும்போது யார் எப்போது வெளியேறுவது என்று முடிவெடுக்கும் பொறுப்பு நாளை அந்தப் பிள்ளையின் கைக்கே வரலாம்.

கைப்பேசியில்தான் எல்லாம் வருகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. மின்னல் எச்சரிக்கைக்குப் புனே ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி இருக்கிறது. மழைக்கு வானிலைத் துறையின் மௌசம் இருக்கிறது. பிரதீப் ஜான் போன்ற வானிலை ஆர்வலர்கள் தமிழ்நாட்டு மழையை ஊர் ஊராகப் பிரித்து எழுதுகிறார்கள். இவை எல்லாம் நல்லவை, அவசியமானவை. ஆனால் இவை விடையைத் தருகின்றன. விடை எந்தக் கணக்கில் வந்தது என்று தெரியாதவருக்கு அதை எவ்வளவு நம்புவது என்றும் தெரியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பாருங்கள். மல்லாங்கிணற்றிலிருந்து நேர்க்கோட்டில் 120 கிலோமீட்டர் தெற்கே, காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. விருதுநகர் மாவட்டத்தில் சராசரியாக ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதைவிட அது அதிகம். பெயர் சூட்டிய புயல் எதுவும் இல்லை, கரையைக் கடக்கும் கண் இல்லை. இருந்தது ஒரு சுழற்சி மட்டுமே. பெயர் இருந்தால்தான் ஆபத்து என்று பழகிப்போன மனங்களுக்கு அன்று பிடி கிடைக்கவில்லை. அந்த நாளின் வளிமண்டலம் எரா5 என்ற ஐரோப்பியத் தரவுத் தொகுப்பில் மணிக்கு மணி இருக்கிறது, 1940 முதலான ஒவ்வொரு நாளும் இருக்கிறது, யாருக்கும் இலவசம். கடலிலிருந்து வந்த ஈரக்காற்று எத்தனை கிலோமீட்டர் உயரத்துக்குத் தடித்து நின்றது என்று ஒரு மாணவர் தானே வெட்டிப் பார்த்தால், கீழடுக்கு சுழற்சி என்ற சொல் அவருக்கு இனி வெறும் ஓசையாக இருக்காது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு, அதை நான் மதிக்கிறேன். திரையில் வழுவழுப்பாகத் தெரியும் படத்தைப் பிள்ளைகள் உண்மை என்றே நம்பிவிடுவார்கள் என்பது அது. எரா5இன் ஒரு கட்டம் சுமார் 31 கிலோமீட்டர். விருதுநகர் மாவட்டம் முழுவதும் நான்கைந்து கட்டங்களுக்குள் முடிந்துவிடும். நம் நாட்டின் ஐஎம்டிஏஏ தொகுப்பு 12 கிலோமீட்டர் கட்டம். அதிலும் மாவட்டத்துக்கு முப்பது கட்டங்கள் தேறும். வெப்பமும் ஈரமும் அளக்க நாள்தோறும் பலூன் ஏறும் இடங்கள் நமக்கு மேற்கே திருவனந்தபுரமும் கொச்சியும், கிழக்கே காரைக்காலும். காரைக்கால் ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தள்ளி, மற்ற இரண்டும் மலைக்கு அந்தப் பக்கம். இடையில் உள்ள வானம் செயற்கைக்கோள் அளவீடுகளும் இயற்பியல் சமன்பாடுகளும் சேர்ந்து நிரப்பியது. காயல்பட்டினத்து மழைமானியின் 95 சென்டிமீட்டர் இந்தக் கட்டங்களில் அப்படியே தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. படத்தின் உயரமும் நீட்டி வரையப்பட்டதே. மல்லாங்கிணற்றிலிருந்து விருதுநகர் போகும் சாலையை நிமிர்த்தி வைத்தால் விமானங்கள் பறக்கும் உயரம் வந்துவிடும். தமிழ்நாட்டின் அகலத்துக்கு முன்னால் வானிலை நடக்கும் அடுக்கு ஒரு மெல்லிய தோல்தான். ஆனால் இந்தக் குறைகளே பாடம் ஆக வேண்டும் என்பேன். மென்பொருள் சொன்ன மழையையும் மழைமானி சொன்ன மழையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இடைவெளி ஏன் என்று கேட்கும் வகுப்பு, எந்தப் படத்தையும் கண்ணை மூடி நம்பாத வகுப்பாக இருக்கும். தட்டை வரைபடமும் இதே அளவு இட்டு நிரப்பியதுதான்; அதில் யாரும் கேள்வி கேட்பதில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

செலவும் மொழியும் மீதி இருக்கின்றன. மென்பொருள் இலவசம், அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் கணினிகள் இருக்கின்றன, தமிழ்நாட்டு அளவுக்கு வெட்டிய ஒரு நாள் தரவு சில மெகாபைட், பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடலாம். மொழிதான் தடை. ஐடிவியின் பட்டிகள் எல்லாம் ஆங்கிலம், அதுவும் துறைக்காரர் ஆங்கிலம். அயல்நாட்டு இலவசத்தை மட்டும் நம்பியிருப்பதிலும் ஆபத்து உண்டு: 2025 மே மாதத்தில் நிதி வராமல் யூனிடேட்டா தன் பணிகளில் பெரும்பாலானவற்றை நிறுத்திவைக்க நேர்ந்தது. ஆனால் ஐடிவியின் மூலநிரல் திறந்தது என்பதால் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி மாணவர்களே தமிழ்ப் பட்டிகளோடு ஒரு சிறிய பதிப்பை ஆக்கிவிட முடியும். நூறு வசதிகள் தேவையில்லை. உயரத்தை வெட்டிப் பார்க்க, காற்றைப் பார்க்க, அளவுக்கருவியைப் போட, இந்த மூன்று போதும். முதல் பணியையும் இப்போதே எழுதிவிடலாம். ஆடி மாதத்து ஒரு நாளைத் திற. மல்லாங்கிணற்றுக்கு நேர் மேலே 16 கிலோமீட்டரில் கருவியைப் போடு. கிழக்கிலிருந்து அடிக்கும் காற்று எந்த உயரத்தில் மேல்காற்றாகத் திரும்புகிறது என்று குறித்துக்கொள். பிறகு ஐப்பசியில் ஒரு நாளைத் திறந்து மறுபடி போடு.